கோடல்

செவ்வாய் இரவு ஏழிலிருந்து பத்து வரை
சலவை அறை என் பேரில்.
கதவில் தொங்கும் அட்டவணைப்படி
நான் இப்போது துவைத்துக்கொண்டிருக்கிறேன்.

இஸ்திரி மேசையில் குப்புறக் கிடக்கிறது
ஒடீலின் அம்ப்ளிபயர்.
பத்தொன்பது கிலோ.
தபால் சீருடையைக்கூட மாற்றாமல்
மகனின் தள்ளுவண்டியில் வைத்துக் கட்டி
பீல் ரயில் நிலையத்துப் பின்தெரு வழியே
உருட்டிக்கொண்டு வந்தாள்.
"மணக்கிறது" என்றாள்.
வேறு புகாரில்லை.

மின் கொடுத்து, அறை விளக்கை அணைத்துப் பார்த்தேன்.
இடப்பக்க வால்வின் தகட்டில்
ஓர் ஓரம் சிவந்துகொண்டு வந்தது,
திட்டு வாங்கிய காது போல.
நிறுத்தினேன்.

நிறுத்தினாலும் நிற்காது.
பெரிய கப்பாசிட்டருக்குள்
நானூற்றைம்பது வோல்ட் விழித்தபடி இருக்கும்.
இடக்கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.
பயத்தில் அல்ல,
நெஞ்சுக்குக் குறுக்கே பாதை போட்டுக் கொடுக்காதிருக்க.
ஒரு தடையை வைத்து வடித்தேன்.
மீட்டர் பூச்சியம் சொல்லும்வரை
மூச்சும் கொஞ்சம் குறைவு.

அப்போதுதான் கண்டேன்,
உட்புறத் தகட்டில் பென்சில் எழுத்து:
மறை முப்பத்தாறு. 1971. இரண்டு இனிஷியல்.
சுத்தமான கை. ஈயப் பொட்டுகள் இன்னும் மினுங்குகின்றன.
அவர் அளந்த நாளில் சுவரிலிருந்து வந்தது இருநூற்றிருபது.
இன்று அதே ஊர்ச் சுவர்
இருநூற்று முப்பத்துநாலு தருகிறது.
எண்ணில் பிழையில்லை.
ஆனாலும் அதை நான் வைக்க முடியாது.

எல்லோரும் பயாஸ் என்பதை
எங்கள் உயர்தரப் பௌதிகப் புத்தகம் கோடல் என்றது.
அடுத்த பாடவேளையில், அதே வாங்கில்,
கோடாமல் நிற்பதே நீதி என்றார் தமிழ் மிஸ்.
இரண்டிலும் எனக்கு ஏ.
கோடாத வால்வு எரிந்துபோகும் என்று
மணி அடித்த அந்த இடைவெளியில்
ஒருவரும் சொல்லவில்லை.

பழி ஒரு சின்னக் கப்பாசிட்டரின் மேல்.
காய்ந்து, வயிறு வெடித்திருந்தது.
பொறு, பொறு என்று
வால்வை இழுத்துப் பிடிப்பது அதன் வேலை.
இரண்டு பிராங்குக்குப் புதிது.
திருகும் தேய்ந்திருந்தது. நாளைக்குத் தொடுகை விட்டாலும்
அடக்கத்தின் பக்கமே விழட்டும் என்று
குறுக்கே ஒரு தடை சேர்த்தேன்.
பென்சில்காரர் இதைச் செய்யவில்லை.
ஒருவேளை அவர் திருகுகளை நம்பியிருக்கலாம்.

மறுபடி மின்.
முப்பத்தொன்று. முப்பத்துநாலு.
திருப்புளி முனையை ஒரு மயிரிழை.
முப்பத்தெட்டு —

பக்கத்து மெஷின் துணி பிழியத் தொடங்கியது.
மேல்மாடி ப்ரௌ ட்ஷான்ஸ்
அட்டவணையை மதித்ததே கிடையாது.
எண்கள் குதித்தன: நாற்பத்தொன்று, முப்பத்தாறு, நாற்பது.
கையை எடுத்துவிட்டேன்.
ஊரார் துணி பிழிந்து முடியும்வரை
எந்த மீட்டரும் உண்மை பேசாது.

பதினொரு நிமிடம்.
ஓய்ந்தது.
இடம் முப்பத்தெட்டு, வலம் முப்பத்தைந்து.
இரண்டுக்கும் ஒரே திருகு.
மூன்று வித்தியாசம். விட்டேன்.

கூடையோடு வந்தவள் இருட்டில் நின்று பார்த்தாள்,
இரண்டு செம்மஞ்சள் வெளிச்சங்களை.
"யாரும் வாசிக்கவில்லையே,
பிறகு ஏன் சுடுகிறது?"

யாரும் வாசிக்காதபோது
எவ்வளவு சுட வேண்டும் என்பதைத்தான்
இரண்டு மணி நேரமாக வைக்கிறேன் என்று
என் ஜெர்மனுக்குள் தேடினேன்.
வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் போக வேண்டும்.
நான் அங்கே போய்ச் சேருமுன்
அவள் ஒரு கதிரையை மேசையருகே இழுத்து
ஈரக் காலுறைகள் இரண்டை
வால்வுகள் பக்கமாகத் தொங்கவிட்டாள்.

முப்பத்தெட்டு.
முப்பத்தேழு.
முப்பத்தெட்டு.